தாழ்ந்த கதவும் தேய்ந்த முளையும்

கதவைத் தாங்கி நின்று அது திறக்கவும் மூடவும் துணைசெய்யும் உறுப்பு கீல் எனப்படும். உடலின் மூட்டையும் தமிழில் கீல் என்பர். மூட்டுகளில் தோன்றும் நோய் கீல்வாதம் எனப் பெயர் பெற்றது அதனாலேயே. தெலுங்கில் ‘கீலு’ என்னும் சொல்லும் இவ்விரு பொருளையும் தருகிறது. உருது பேசுவோர் அதனைக் ‘கப்ஜா’ என்பர். ஐதராபாத்தில் வளரும் தமிழ்ச் சிறுவர்கள் இம்மூன்று சொற்களையும் கேட்டிருக்கக்கூடும்.

பழைய தமிழ் வீடுகள் பலவற்றின் கதவுகளில் இரும்புக் கீல் இல்லை. கதவின் ஓர் ஓரத்தில் மேலும் கீழும் நீண்டிருக்கும் குடுமிகள், நிலையில் குடைந்த குழிகளில் நின்று சுழன்றன. அக்குடுமி செய்த வேலையைக் காரின் கதவில் ஓர் எஃகு முளை செய்கிறது. கீலின் ஒரு பகுதி காரின் தூணிலும் மறுபகுதி கதவிலும் பொருத்தப்படும். இரண்டையும் ஊடுருவி நின்று இணைப்பது கீல்முளை. பட்டறைகளில் இதனைப் ‘பின்’ என்பர். முளையைச் சுற்றிப் பித்தளையாலான மெல்லிய குழல் ஒன்று பல கார்களில் செருகப்பட்டிருக்கும். அதன் பெயர் ‘புஷ்’. பித்தளை எஃகைவிட மென்மையானது. உராய்வினால் வரும் தேய்மானத்தை அது தான் ஏற்றுக்கொண்டு கீலைக் காக்கிறது.

முளை ஏன் தேய்கிறது?

ஒரு கதவின் எடை 24 கிலோ, அகலம் 100 செ.மீ., இரு கீல்களுக்கும் இடையேயுள்ள உயரம் 40 செ.மீ. எனக் கொள்வோம். கதவின் எடை அதன் நடுவில், அதாவது கீலிலிருந்து 50 செ.மீ. தொலைவில் செயற்படும். 24ஐ 50ஆல் பெருக்கி 40ஆல் வகுத்தால் 30 கிடைக்கும். மேற்கீல் 30 கிலோ எடைக்கு நிகரான விசையால் வெளிப்புறம் இழுக்கப்படுகிறது. கீழ்க்கீல் அதே விசையால் தூணை நோக்கி அழுத்தப்படுகிறது. கதவின் எடையைவிட இவ்விசை பெரிது. கதவின் மீது கையூன்றி இறங்குவோர் இதனை மேலும் கூட்டுகின்றனர்.

எண்ணெய் இடாத கீலில் தெருப்புழுதி படியும். பழைய மசகுடன் கலந்த புழுதி அரம்போல் முளையை அராவும். அடிக்கடி திறக்கப்படும் ஓட்டுநர் பக்கக் கதவு பெரும்பாலும் முதலில் தளர்வதற்கு இதுவே காரணம்.

இரு கீல்களிலும் அரை மி.மீ. வீதம் இடைவெளி உண்டானால், கூடுதல் 1 மி.மீ. ஆகும். அவ்விடைவெளி கதவின் மறுமுனையில் இரண்டரை மி.மீ. சரிவாகப் பெருகுகிறது. பூட்டு அமைந்திருப்பது அம்முனையில்தான். ஆகவே பூட்டு தன் கொண்டியில் நேராகப் பொருந்தாமல் இடிக்கிறது. கதவை ஓங்கி அறைந்தால்தான் மூடுகிறது. அறையும்தோறும் தேய்மானம் மிகுகிறது. முழுமையாகப் பூட்டிக்கொள்ளாத கதவு, ஓடும் வண்டி வளைவில் திரும்பும்போது திறந்துகொள்ளவும் கூடும். உள்ளே இருப்போரின் உயிர், விரற்கடை அளவே உள்ள ஒரு முளையைப் பொறுத்திருக்கிறது.

நோய் எங்கே உள்ளது?

கதவு சரியாக மூடவில்லை என்றவுடன் கொண்டியைச் சற்றுக் கீழே இறக்கிப் பொருத்துவோர் உண்டு. கதவு அப்போதைக்கு மூடிக்கொள்ளும். ஆயினும் முளை தொடர்ந்து தேயும். சில மாதங்களில் கொண்டியை மீண்டும் இறக்க நேரிடும். இது காய்ச்சலைத் தணித்து நோயை விட்டுவைப்பதற்கு ஒப்பாகும்.

நோயிடத்தை அறிய எளிய வழி உண்டு. கதவைப் பாதியளவு திறந்து, அதன் மறுமுனையை ஒருவர் மெல்ல மேலே தூக்க வேண்டும். மற்றொருவர் கீலை உற்றுநோக்க வேண்டும். கீலின் இரு பகுதிகளும் ஒன்றுக்கொன்று அசைந்தால் முளையும் புஷ்ஷும் தேய்ந்துள்ளன. கீல் முழுவதுமே தூணிலிருந்து அசைந்தால் திருகாணி தளர்ந்திருக்கலாம். அல்லது தூணின் தகடு துருப்பிடித்திருக்கலாம். அந்நிலையில் முளையை மாற்றுவதால் பயனில்லை.

மாற்றும் முறை

இது தேர்ந்த பெரியவர்கள் இருவர் சேர்ந்து செய்யவேண்டிய பணி. கண்ணாடிக் கவசம் அணிதல் இன்றியமையாதது. முந்தைய நாளே முளையின் மீது துருநீக்கும் எண்ணெயை இட்டு ஊறவிடுவர். பின்னர்க் கதவின் அடியில் ஜாக்கியையும், அதன்மேல் துணி சுற்றிய பலகையையும் வைத்துக் கதவின் எடையைத் தாங்கச் செய்வர். ஒரு நேரத்தில் ஒரு கீலின் முளையை மட்டுமே கழற்றுவர். மற்றொரு கீல் கதவைத் தன்னிடத்தில் நிறுத்திவைக்கும்.

முளையின் ஒரு முனையில், அது நழுவாதிருக்க வரிவரியாக வெட்டியிருப்பர். எனவே எதிர்முனையிலிருந்து உளியைப் போன்ற தட்டுகோலால் தட்டி அதனை வெளியேற்றுவர். துளையைத் துடைத்துப் புதிய புஷ்ஷைச் செருகி, மசகு பூசிப் புதிய முளையை இறக்குவர். இரு கீல்களும் முடிந்தபின், கதவுக்கும் உடற்பகுதிக்கும் இடையேயுள்ள சந்து மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக உள்ளதா எனப் பார்ப்பர். கொண்டியைச் சரிசெய்வது கடைசி வேலை.

கடையில் கிடைக்காத முளை

சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு கார்களைத் தயாரித்தது. இன்று அந்நிறுவனம் இல்லை. மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் உருவான அம்பாசிடர் காரின் உற்பத்தி 2014ஆம் ஆண்டு நின்றது. ஐதராபாத் சௌமகல்லா அரண்மனையில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள நிஜாமின் ரோல்ஸ் ராய்ஸ் 1912ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இத்தகைய வண்டிகளுக்குரிய உறுப்பு கடையில் கிடைக்காதபோது கடைசற்பொறி கைகொடுக்கிறது. இதனை ‘லேத்’ என்பர்.

இத்தொழிலுக்கு ஏற்ற மண் சனத்நகர். 1942இல் தொடங்கப்பட்ட ஆல்வின் தொழிற்சாலை இங்கே பேருந்துகளுக்கு உடல் கட்டியது; குளிர்பதனப் பெட்டிகளையும் செய்தது. பேருந்தானாலும் பெட்டியானாலும் கதவு உண்டு. கதவுக்குக் கீல் உண்டு. அருகிலுள்ள பாலாநகரில் 1968இல் நடுவண் கருவி வடிவமைப்பு நிறுவனம் அமைந்தது. இவ்வட்டாரத்தில் உலோக வேலை வேரூன்றியது.

கடைசல் வேலை செய்பவர் முதலில் பழைய முளையை அளப்பார். தேய்ந்த நடுப்பகுதியை அளந்தால், தேய்ந்த முளையைப்போலவே மற்றொரு மெலிந்த முளைதான் கிடைக்கும். தேயாத தலைப்பகுதியை ஒட்டிய இடத்திலேயே உண்மையான அளவு எஞ்சியிருக்கும். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால், அதனைச் சற்றுப் பெரிதாக வட்டமாக்கி, அதற்கேற்பப் பருத்த முளையைக் கடைவார். கீல் பழையது, முளை மட்டும் புதியது. கதவு மீண்டும் ஒரு விரல் தள்ளலில் மூடிக்கொள்ளும்.

சொற்பொருள்

முளை – சிறு தண்டு. குடுமி – கதவு சுழலும் முனை. மசகு – உராய்வைக் குறைக்கும் பொருள். கொண்டி – பூட்டு மாட்டும் உறுப்பு. கடைதல் – பொறியில் சுழற்றிச் செதுக்குதல்.

பயிற்சி

1. கொண்டியை மட்டும் இறக்கிப் பொருத்துவது ஏன் தீர்வாகாது?
2. பழைய முளையின் எப்பகுதியை அளக்க வேண்டும்? காரணம் கூறுக.
3. கதவின் அகலம் 90 செ.மீ., கீல்களின் இடைவெளி 30 செ.மீ., மொத்தத் தளர்வு 1 மி.மீ. எனில் மறுமுனை எவ்வளவு சரியும்?
4. பிரித்து எழுதுக: அவ்விடைவெளி, கடைசற்பொறி.
5. வீட்டுக் கதவின் உறுப்புகளைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.