கையுறைக்குள் ஒரு நூல்



ஒருநாள் பெரட்டு முடிந்த கையோடு ஒரு தாய் இரண்டு மாதக் குழந்தையோடு ஓடி வந்தார். "ராத்திரி பூரா அழுவுதுங்க டிரசரையா, பாலும் குடிக்கல." காய்ச்சல் இல்லை. கையுறையைக் கழற்றினேன். உள்ளே பிரிந்திருந்த நூல் ஆள்காட்டி விரலில் இறுகச் சுற்றி, விரல் வீங்கிச் சிவந்திருந்தது. நூலை வெட்டினேன், நிறம் திரும்பியது. தாமதித்திருந்தால் ரத்தம் ஓடாமல் விரலே போயிருக்கும்.

ஆறாவது படிக்கும் அக்காள் தம்பிக்கு ஆசையாகப் பின்னியது அது. பிள்ளை மேல் குற்றமில்லை.

நம் சிலாங்கூர் வெயிலுக்குக் கையுறை தேவையில்லை. முகத்தைப் பிறாண்டுகிறதா? தூங்கும்போது நகத்தை வெட்டிவிடுங்கள். கையை வாயில் வைப்பது பசிக்கு அடையாளம். கையை மூடினால் அது நமக்குத் தெரியாது. போட்டே ஆகவேண்டுமா? உட்புறத்தைத் திருப்பிப் பார்த்து, தொங்கும் நூலை ஒட்ட வெட்டுங்கள்.

காரணமில்லாமல் அழுதால் இருபது விரலையும் பாருங்கள். பிள்ளை பெற்ற தாய்க்கு உதிரும் தலைமுடியும் கால்விரலில் சுற்றிக்கொள்ளும். ஆழப் பதிந்திருந்தால் நோண்டாதீர்கள். உடனே தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூத்தவள் பின்னட்டும், நல்ல பழக்கம்தான். தனக்கு ஒரு பை பின்னிக்கொள்ளட்டும். ஊசி மட்டும் நடுப்பிள்ளைக்கு எட்டாமல் இருக்கட்டும்.