வங்கியைத் தாங்கியது யாருடைய பணம்?

2008 டிசம்பர் கடைசியில் இலங்கையின் செலான் வங்கிக் கிளைகளில் வைப்பாளர்கள் பணத்தை எடுக்கத் திரண்டார்கள். பீதி தொடங்கிய இடம் அந்த வங்கி அல்ல. அந்த வங்கி இருந்த அதே செலிங்கோ குழுமத்தைச் சேர்ந்த கோல்டன் கீ என்ற கடனட்டை நிறுவனம், மத்திய வங்கியின் அனுமதி இல்லாமலே பொதுமக்களிடம் வைப்புப் பணம் திரட்டியிருந்தது. ஏறத்தாழ 2,600 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடுக்க வழியின்றி அது விழுந்தபோது, பயம் செலானுக்கும் தாவியது. எந்த வங்கியும் வைப்புப் பணம் முழுவதையும் பெட்டகத்தில் வைத்திருப்பதில்லை. பெரும்பகுதி கடனாக வெளியே போயிருக்கும். எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் நல்ல வங்கியும் திணறும்.

மத்திய வங்கி உடனே பணிப்பாளர் சபையை நீக்கி, நிர்வாகத்தை இலங்கை வங்கியிடம் ஒப்படைத்தது. அடுத்த ஆண்டு புதிய பங்குகள் விற்று மூலதனம் திரட்டப்பட்டது. பின்னர் வந்த ஆண்டுகளின் பெரிய பங்காளர் பட்டியலில் இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனம், ஊழியர் சேமலாப நிதி, இலங்கை வங்கி ஆகிய பெயர்களைக் காணலாம். காப்புறுதிக் கூட்டுத்தாபனத்திடம் மட்டும் நூற்றுக்குப் பதினைந்து அளவு பங்கு.

மன்னார் மாவட்டத்துக் கொண்டச்சி வாசகர் கவனிக்க வேண்டியது இதைத்தான். மரமுந்திரிகைத் தோட்டத்திலோ மன்னார்க் கடையொன்றிலோ வேலை செய்பவரின் சம்பளத்தில் நூற்றுக்கு 8, முதலாளியிடமிருந்து நூற்றுக்கு 12, மாதந்தோறும் சேமலாப நிதிக்குப் போகிறது. அந்த நிதியை முதலீடு செய்வது மத்திய வங்கி. அரசு ஒரு வங்கியின் பங்கை வைத்திருக்கிறது என்றால், அதில் ஒரு துளி உங்கள் முதுமைக்கான காசாகவும் இருக்கலாம்.

அப்படியானால் அந்தப் பங்கை எப்போது விற்பது, என்ன விலைக்கு? பிரித்தானியாவைப் பாருங்கள். 2008 நெருக்கடியில் ரோயல் பேங்க் ஒஃப் ஸ்கொட்லாந்தைக் காப்பாற்ற அரசு 4,550 கோடி பவுண் போட்டது. கடைசிப் பங்கை 2025 மே மாதத்தில்தான் விற்று முடித்தது. ஏறத்தாழ 1,050 கோடி பவுண் நட்டம். அதே நெருக்கடியில் வாங்கிய லொயிட்ஸ் வங்கிப் பங்குகளை 2017-இல் விற்று முடித்தபோது, போட்டதற்குச் சற்று மேலாகவே திரும்பி வந்தது. பங்கு இலாபமும் சேர்ந்த கணக்கு அது.

நமது கரையிலும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1906-இல் ஆங்கில அரசு இந்தக் கடலின் முத்துப்பார்களை ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய். சலாபம் என்ற முத்துக்குளிப்பு அமோகமாக இருந்த வருடங்களை அடுத்துக் கைமாறிய சொத்து அது. 1907-க்குப் பின் முத்து அற்றுப்போனது, கம்பனியும் கலைந்தது. காலம் பார்த்துக் கொடுத்ததால் நட்டம் அரசின் தலையில் விழவில்லை.

விலையைப் போலவே விற்கும் முறையும் முக்கியம். 2003-இல் தனியாருக்கு விற்கப்பட்ட இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தின் விற்பனையை, நடைமுறை பிழை என்று உயர் நீதிமன்றம் 2009 ஜூனில் இரத்துச் செய்தது. நிறுவனம் மீண்டும் அரசிடம் வந்தது.

இந்தப் பேச்சு பழங்கதையல்ல. 2024-க்கான வரவு செலவுத் திட்டத்தில், வங்கிகளின் மூலதனத்தைப் பலப்படுத்த 45,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இலங்கை வங்கி, மக்கள் வங்கி இரண்டிலும் நூற்றுக்கு இருபது பங்கை விற்கும் யோசனையும் அதிலே இருந்தது. அரச வங்கிப் பங்கை விற்பதே துரோகம் என்று நான் நினைக்கவில்லை. அவசரத்தில், இருட்டில், ஒருவருக்காக விற்பதுதான் தவறு. மதிப்பிட்டவர் யார், எத்தனை பேர் விலை கேட்டார்கள், வரும் பணம் எங்கே போகும் என்பதெல்லாம் விற்பதற்கு முன்பே வெளியே தெரிய வேண்டும்.

2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இவற்றைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேளுங்கள்.