வீழ்ந்த எதிரியை என்ன செய்வது?

தோற்றுப்போன எதிரித் தலைவன் ஆயுதமின்றி நிற்கிறான். கொல்வதா, விட்டுவிடுவதா? காணொளி விளையாட்டுப் பிரியர்களுக்கு இந்தக் கட்டம் பழக்கமானதுதான். வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஏன் என்றும் கேளுங்கள்.

2009ல் வெளிவந்த ‘டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்’ விளையாட்டில் லோகெய்ன் என்ற தளபதி போரின் நடுவே படையுடன் பின்வாங்கிவிடுகிறான். கைவிடப்பட்ட மன்னனும் வீரர்களும் மடிகிறார்கள். பின்னர் லோகெய்ன் தோற்று நிற்கும்போது அவனைக் கொல்லலாம். அல்லது பெரிய எதிரியை வெல்ல நம் அணியில் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்துக்கொண்டால், அலிஸ்டர் என்ற தோழன் நம்முடன் இருக்க மறுத்துவிடுகிறான். தந்தையைப்போல் மதித்தவரை அந்தக் களத்தில் பறிகொடுத்தவன் அவன். இழப்பு அவனுடையது, மன்னிப்பதோ நாம். அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

இரக்கம் வேறு, மன்னிப்பு வேறு. கம்பராமாயணத்தில் முதல் நாள் போரில் ஆயுதங்களை இழந்து நின்ற இராவணனை இராமன் கொல்லவில்லை. மறுநாள் வரச்சொல்லி அனுப்பினான். ஆனால் அவன் செய்த குற்றத்தை மன்னிக்கவில்லை, போரையும் நிறுத்தவில்லை. வெறுங்கையுடன் நிற்பவனைத் தாக்குவது அறமன்று என்பதே அங்கு வெளிப்பட்ட இரக்கம்.

சிங்கப்பூரும் இந்தக் கேள்வியை உண்மையிலேயே சந்தித்திருக்கிறது. செம்பவாங்கில் பிரிட்டிஷார் அமைத்த கடற்படைத் தளத்தின் பெரிய கப்பல் துறை 1938 பிப்ரவரி 14ஆம் தேதி திறக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளும் ஒரு நாளும் கழித்து, 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதைத் தொடர்ந்த ‘சூக் சிங்’ படுகொலையில் ஆயிரக்கணக்கான சீன ஆடவர்கள் உயிரிழந்தார்கள்.

1945 செப்டம்பர் 12ஆம் தேதி ஜப்பானியப் படைகள் இங்கு முறைப்படி சரணடைந்தன. வென்றவர்கள் நீதிமன்றம் அமைத்தார்கள். 1946 முதல் 1948 வரை சிங்கப்பூரில் 131 போர்க்குற்ற வழக்குகள் நடந்தன. குற்றஞ்சாட்டப்பட்டோருக்காக வாதாட வழக்கறிஞர்களும் இருந்தார்கள்.

சூக் சிங் வழக்கு 1947ல் விக்டோரியா நினைவு மண்டபத்தில் நடந்தது. விசாரிக்கப்பட்ட எழுவரில் கவாமுரா, ஒய்ஷி என்ற இரு அதிகாரிகளுக்குத் தூக்கு. மற்ற ஐவருக்கு ஆயுள் தண்டனை. கணவரையும் மகன்களையும் இழந்த குடும்பங்களுக்கு இது போதவில்லை. ஐவரையும் ஏன் விட்டுவைத்தீர்கள் என்று அவர்கள் கொதித்தார்கள். அலிஸ்டரின் கோபம்தான் அது. ஆனால் இங்கு இழப்பு கற்பனையன்று.

அதே காலத்தில் வேறொரு குரலும் ஒலித்தது. ஆசிரியரான எலிசபெத் சோய் ஜப்பானிய ராணுவக் காவலர்களின் பிடியில் கிட்டத்தட்ட 200 நாள் சிக்கி, மின்சாரம் பாய்ச்சிச் சித்திரவதை செய்யப்பட்டவர். போர் முடிந்ததும், தம்மை வதைத்தவர்களின் பெயர்களைத் தரும்படி கேட்கப்பட்டபோது அவர் மறுத்துவிட்டார். தீயது போர்தான், போர் இல்லாவிட்டால் அவர்களும் தம்மைப்போன்ற மனிதர்களே என்பது அவர் எண்ணம். அடி வாங்கியவர் அவர். அதனால் தம் பங்கு மன்னிப்பை வழங்கும் உரிமையும் அவருக்கு இருந்தது. சூக் சிங் குடும்பங்களின் சார்பில் அவர் பேசவில்லை.

நிராயுதபாணியைத் தாக்கலாமா? குற்றத்திற்குத் தண்டனை தருவது யார்? மன்னிக்கும் உரிமை யாருக்கு? இவை மூன்று தனித்தனிக் கேள்விகள். விளையாட்டு மூன்றையும் ஒரே பொத்தானில் அடக்கிவிடுகிறது. பிள்ளைகளோடு பேசும்போது அவற்றைப் பிரித்துக் காட்டினால் போதும். பதிலை அவர்களே தேடுவார்கள்.

பள்ளி விடுமுறையில் செம்பவாங் நிலையத்தில் ரயில் ஏறினால் இடையில் மாறாமல் சிட்டி ஹால் போய்ச் சேரலாம். ஜப்பானியர் சரணடைந்த கட்டடம் இன்று தேசியக் கலைக்கூடத்தின் ஒரு பகுதி. வழக்கு நடந்த மண்டபத்தில் இப்போது இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. பீச் ரோட்டில், போரில் மாண்ட பொதுமக்களுக்கான நினைவுச்சின்னத்தின் அடியில் அவர்களின் எலும்புகள் புதைக்கப்பட்டுள்ளன. மூன்றும் நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கின்றன. அந்த நினைவுச்சின்னத்தின் முன் நின்று பிள்ளைகளிடம் இதே கேள்வியை மீண்டும் கேளுங்கள்.