நீரிழிவும் வைத்தியர் கடமையும்

இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேர் நீரிழிவு வியாதிக்கு ஆளாகியிருப்பதாக 2023-ஆம் வருஷத்தில் வெளியான தேசிய ஆராய்ச்சிக் கணக்கு கூறுகிறது. தொகையைக் கண்டு திகைப்பவர் பலர். வியாதியஸ்தரை வீழ்த்துவது எது என்று யோசிப்பவர் சிலரே. கண், சிறுநீரகம், பாதம், இருதயம் ஆகியவற்றில் ஓசையின்றி வளரும் கேடுகளே அவரை வீழ்த்துகின்றன. இவற்றில் பெரும்பகுதியைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ கூடும். அதற்குரிய இடம் சிற்றூர் வைத்தியசாலையே என்பது நமது துணிபு.

2019-இல் தனி ஜில்லாவான கள்ளக்குறிச்சியை எடுத்துக்கொள்வோம். சமவெளியில் கரும்பு வெட்டிய கொல்லையிலே வெறுங்காலுடன் நடக்கும் உழவனுக்கு, நீரிழிவால் பாதம் மரத்திருப்பின், கட்டை குத்தியது தெரியாது. வலியில்லாமையால் வைத்தியரை நாடான். புண் புரையோடி எலும்பை எட்டிய பின் வந்தால் காலையே இழக்க நேரிடலாம். கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சூழ்ந்த கிராமங்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கோ, பெரிய ஆஸ்பத்திரிக்கு மலையிறங்குவதென்றால் ஒரு நாட்கூலியும் போயிற்று.

சர்க்கார் வாளாவிருக்கவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டிற்கே கொண்டு சென்றது. 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இவற்றை வரவேற்கிறோம். எனினும் மாத்திரை கொடுப்பது மட்டும் வைத்தியமாகாது.

வேண்டுவன சிலவே. வரும்போதெல்லாம் இரத்த அழுத்தத்தை அளந்து, பாதத்தில் புண்ணுண்டா என்று நோக்க வேண்டும். வருஷத்திற்கொரு முறையேனும் 10 கிராம் அழுத்தந்தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி உளதா என்று சோதிக்க வேண்டும். விழித்திரையைப் பரிசோதித்து, சிறுநீரில் ஆல்புமின் கசிகிறதா என்றும் காண வேண்டும். மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனையை வருஷத்தில் இருமுறையேனும் செய்தல் நலம். உணவின்றி மருந்துண்டால் சர்க்கரை அபாயகரமாய்த் தாழக்கூடுமென்று கூலியாளருக்கு எச்சரித்தல் அவசியம். இரத்த அழுத்தத்தைக் கண்டிப்புடன் அடக்கியதால் நுண்குழாய்க் கேடுகள் 37 சதவீதம் குறைந்தன என்று 1998-இல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியொன்று நிரூபித்தது. இதற்கு வேண்டிய கருவியோ எல்லா வைத்தியசாலையிலும் உள்ளதே.

கூட்டத்திற்கிடையே நேரமேது என்று வைத்தியர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. காத்திருப்போர் காலணியைக் கழற்றி அமரட்டும். பயிற்சி பெற்ற செவிலியர் பாதத்தைப் பார்த்துக் குறித்து வைக்கட்டும். வைத்தியர் குறிப்பைக் கண்டு ஆவன செய்யலாம்.

ஊர்ப் பொதுக்காரியங்களில் ஈடுபட்டுள்ள அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. விழித்திரையைப் படமெடுக்கும் கருவி வருஷத்திற்கொரு முறை வெள்ளிமலைக்கு வரவேண்டுமென்று அக்டோபர் 2-ந் தேதி கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். “என் பாதத்தைப் பார்த்தீர்களா?” என்று வைத்தியரைக் கேட்க ஒவ்வொரு வியாதியஸ்தருக்கும் கற்பியுங்கள். கேட்பது அவர் உரிமை. பார்ப்பது வைத்தியர் கடமை.