ஒரே மலை, பல தட்பவெப்பங்கள்

போச்சம்பள்ளிச் சந்தையில் சித்திரை வெயிலுக்கு முந்தானையால் தலையை மூடி நின்றவர்கள், ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில் இறங்கியதும் காற்றின் இதத்தை உணர்வதற்குக் காரணம், ஒவ்வோர் 1,000 மீட்டருக்கும் சுமார் 6 பாகை செல்சியஸ் வெப்பநிலை குறையும் இயற்கை நியதியே. ஆனால் ஒகேனக்கல்லை நோக்கிக் காவிரி பாயும் பள்ளத்தாக்கிலோ, உயரத்தோடு நிலத்தின் சாய்வும் சேர்ந்து விசித்திரம் புரிகிறது: வெயில் நேரே விழும் பாறைச் சரிவுகளில் முட்புதர்கள் தாகித்து நிற்க, ஆற்றோரத்தில் நீர்மருதுகள் கிளை கோத்து ஈர நிழலைக் காக்கின்றன. அக்கிளைகளிலேயே தாவித் திரியும் சாம்பல் நிற மலை அணிலுக்கு அந்த ஒடுங்கிய பசுங்கோடே பிரபஞ்சம். மேலே மேலகிரி முகடுகளில் வேறொரு குளிர்ந்த உலகம். 2022-இல் இப்பகுதியில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டதன் தாத்பரியமும் இவ்வைவித்தியமன்றோ!