துளித் துளியாய் ஒரு வெள்ளம்

வாளித் தண்ணீரைக் காலால் தட்டிவிட்டால் அது எப்படிப் பாயும்? கண்ணால் பார்ப்பது எளிது. கணினிக்குச் சொல்லிக்கொடுப்பதோ கடினம். என் இறுதியாண்டு ஆய்வில் அதைத்தான் செய்ய வேண்டியிருந்தது. விலைகொடுத்து வாங்கும் மென்பொருளின் உரிமக் கட்டணம் எனக்கு எட்டாக்கனி. அப்போது மேற்பார்வையாளர் அறிமுகப்படுத்தியதுதான் 'டூயல்எஸ்பிஎச்பிசிக்ஸ்'. ஸ்பெயினின் வீகோ, இங்கிலாந்தின் மான்செஸ்டர் உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் கூடி உருவாக்கிய திறந்த மூல மென்பொருள் இது. கட்டணம் இல்லை; மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம்.

வழக்கமான முறைகள் இடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நீரோட்டத்தைக் கணக்கிடும். அலை உடைந்து சிதறும்போது நீரின் மேற்பரப்பு எங்கே என்று தேடுவதே பெரும்பாடு. இந்த மென்பொருளோ நீரையே துகள்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு துகளின் அடர்த்தியும் அழுத்தமும் அண்டைத் துகள்களைக் கொண்டு கணக்கிடப்படும். நெருங்கிய துகளுக்குச் செல்வாக்கு அதிகம், தள்ளியிருப்பதற்குக் குறைவு, ஓர் எல்லைக்கு அப்பால் அறவே இல்லை. துகள் உள்ள இடமே நீர்!

இந்த முறை கடலுக்காகப் பிறந்ததன்று என்பது வியப்பு. 1977இல் லூசி ஒருபுறமும், கிங்கோல்டும் மோனகனும் மறுபுறமும் விண்மீன்களை ஆராய இதனை உருவாக்கினர். 1994இல் மோனகன் இதை அலைகளுக்கும் அணை உடைப்புக்கும் பயன்படுத்திக் காட்டினார்.

நானும் அணை உடைப்பைத்தான் முயன்றேன். நீர் பாய்ந்து சுவரில் மோதும் படம் அழகாக வந்தது. பெருமையோடு காட்டினேன். "துகளைச் சிறிதாக்கினாலும் இதே விடை வருமா?" என்று கேட்டார் மேற்பார்வையாளர். துகள் இடைவெளியைப் பாதியாக்கினேன். சுவரில் விழும் அழுத்தம் மாறிவிட்டது! என் பெருமையும் அதோடு கரைந்தது.

இடைவெளி பாதியானால் முப்பரிமாணத்தில் துகள்கள் 8 மடங்காகும். ஒவ்வொரு கணக்கீட்டுக்கும் இடைப்பட்ட நேரமும் பாதியாவதால் வேலை ஏறத்தாழ 16 மடங்கு. கணினி விளையாட்டுக்கென வாங்கிய வரைகலை அட்டைதான் அப்போது கைகொடுத்தது; அதிலும் ஓடும்படி இம்மென்பொருளை அமைத்திருக்கிறார்கள். மூன்று இரவுகள் ஓடவிட்டேன். துகளைச் சிறிதாக்கியும் விடை மாறாமல் நின்ற பிறகே ஆய்வுக்கூட அளவீடுகளோடு ஒப்பிட்டேன்.

நான் வரைந்த சுவர் நாளை ஓர் ஊரின் கடல் தடுப்பாக எழலாம். அழகான படம் அந்த ஊரைக் காக்காது. தம்பி தங்கைகளே, மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும்; அதைக் கேள்வி கேட்கும் பொறுப்பு நம்முடையது.