மச்சுல வெக்கை தாங்கலையா? ஏறும் முன் இதைப் படிங்க

நாகமலை புதுக்கோட்டை மாதிரி ஊர்களில் பழைய ஓட்டு வீடு வைத்திருப்பவரா நீங்கள்? மேலே சரிந்த ஓடு, கீழே பலகை அடித்த மச்சு, நடுவில் ஆள் தவழ மட்டுமே இடம். சித்திரை வெயிலில் காய்ந்த ஓடு அந்த இடைவெளியை அடுப்பாக்கிவிடும். ராத்திரியிலும் ஃபேன் அனல் காத்தைத்தான் தள்ளும்.

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. எனவே வீட்டு வெக்கையைக் குறைப்பது அவசியமான வேலைதான். ஆனால், "நாமே உள்ளே போய் எதையாவது விரிச்சிடலாம்" என்று மட்டும் இறங்கிடாதீங்க.

நான்கு உயிர்கள்

2009-ல் ஆஸ்திரேலிய அரசு, வீட்டுக் கூரைகளுக்கு வெப்பத் தடுப்பு போட நிதி தந்தது. அவசர கதியில் நடந்த அந்த வேலையில் நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தனர். மூவர் கரண்ட் அடித்து, ஒருவர் வெக்கை தாங்காமல். 2010 பிப்ரவரியில் திட்டமே நிறுத்தப்பட்டது. அலுமினியத் தாள் மின்சாரத்தைக் கடத்தும். அதில் அடிக்கும் ஆணி ஒரு பழைய ஒயரில் இறங்கினால் போதும்.

பாதுகாப்பான வழி

உள்ளே தவழ வேண்டாம்; வெளியிலிருந்து செய்யலாம்.

1. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து, மச்சில் ஓடும் ஒயர்களை முதலில் சரிபாருங்கள். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் பொருத்துங்கள்.

2. வேலை நாளில் மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டரையும் மறக்காமல் அணையுங்கள். மெயின் போனதும் அதுதான் கரண்ட் கொடுக்கும்.

3. ஓட்டையும் ரீப்பரையும் பகுதி பகுதியாகக் கழற்றி, கைமரத்தின் மேல் வெப்பத் தடுப்புத் தாளை விரித்து, மறுபடி ரீப்பர் அடித்து ஓடு வேயச் சொல்லுங்கள். பளபளப்பான பக்கம் கீழே பார்க்கட்டும். மேலே பார்த்தால் தூசி படிந்து பலன் குறையும். தாளுக்குக் கீழே காற்று இடைவெளி கட்டாயம். பலகையோடு ஒட்டிவிட்டால் பயனில்லை.

4. இருபக்க முக்கோணச் சுவரிலும் காற்றுத் துளை விட்டு, கம்பி வலை அடியுங்கள். சூடான காற்று வெளியேறும். எலி, அணில் நுழையாது.

மாசி, பங்குனியிலேயே முடித்துவிடுங்கள். காலை வெயில் ஏறுமுன் வேலை நடக்கட்டும். கூரை ஏறுபவருக்குக் கயிறும் தண்ணீரும் கட்டாயம்.

மொட்டைமாடி வீடா? வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சே நல்ல பலன் தரும்.

கைபேசியில் வைத்திருங்கள்

மின் புகார்களுக்கு மின்னகம்: 94987 94987. வானிலை எச்சரிக்கைக்கு டி.என். அலர்ட் செயலி. வேலை செய்பவருக்குத் தலைசுற்றல், குழப்பமான பேச்சு இருந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, உடம்பை ஈரத்துணியால் துடைத்தபடி 108-ஐ அழையுங்கள்.

வீடு ஒரு வாரம் கழித்துக் குளிர்ந்தாலும் பரவாயில்லை. ஏறியவர் பத்திரமாக இறங்க வேண்டும்.